உறுப்புத் தொகுதியும் வரலாற்றறிவும்: அமெரிக்க இளைஞரின் கரிமருந்துக் கைத்துப்பாக்கி ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

கடந்தகால மக்களின் வாழ்க்கையை அறிதற்கு ஏடுகளும் கல்வெட்டுகளும் துணைபுரிவதுபோல, அம்மக்கள் கையாண்ட பொருள்களும் துணைபுரிகின்றன என்பது வரலாற்று மாணவர் யாவரும் ஏற்கும் உண்மையாகும். அப்பொருள்களைக் காட்சிச்சாலையிற் கண்டு குறிப்பெடுத்தல் ஒரு முறை. அவற்றைப் பழைய வழியில் மீண்டும் செய்து பார்த்தல் மற்றொரு முறை. இவ்விரண்டாவது முறை ஆய்வாளரின் எல்லையைக் கடந்து, இளைஞரின் ஓய்வுநேர முயற்சியாகவே பரவிய ஒரு நிகழ்ச்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அண்மைக்கால வரலாற்றிற் காணப்படுகின்றது. பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி ஒன்றின் உறுப்புகளை ஒரு தொகுதியாக விலைக்கு வாங்கி, வீட்டு மேசையிலோ தொழிற்கல்விக் கூடத்திலோ இளைஞர் தம் கையாற் செப்பனிட்டுப் பொருத்தி முடித்தலே அது. 1950களில் வேரூன்றிய இம்முயற்சி 1970களிற் பெருவழக்காயிற்று.

இத்துப்பாக்கிகள் கரிமருந்தினால் இயங்குவன. வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த பழைய வெடிமருந்தே ஈண்டு கரிமருந்து எனப்படுகின்றது. மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய்வழியாக இட்டுக் கோலினால் இறுக்கி, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியினாலோ, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்கிற்கு வந்த கேப்பினாலோ தீமூட்டுவது இவற்றின் இயல்பு.

இம்முயற்சியை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அதனைப் பற்றி இரு வினாக்களை எழுப்புதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய தொகுதி தோன்றுதற்கு எவ்வரலாற்று நிலைமைகள் இடமளித்தன என்பது முதலாவது வினா. அதனைப் பொருத்திய இளைஞர் வரலாற்றின் எப்பகுதியைக் கற்றனர், எப்பகுதி அவர்தம் கண்ணுக்கு எட்டாது நின்றது என்பது இரண்டாவது.

1. பழைய பட்டறை

தொகுதிகளாக விற்கப்பட்டவற்றுள் நன்கறியப்பட்ட ஒன்று ‘கென்ரக்கி’ எனும் பெயர் பூண்ட கைத்துப்பாக்கியாகும். அதன் மூலமரபு உண்மையிற் பென்சில்வேனியாவைச் சார்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழி வழங்கிய நாடுகளிலிருந்து அங்கு குடியேறிய கம்மியர் லங்காஸ்ரர் முதலிய இடங்களிற் பட்டறைகள் அமைத்து, நீண்ட குழலுடைய றைபிள்களை ஆக்கினர். அதே பாணியிற் கைத்துப்பாக்கிகளும் சிறுதொகையாகச் செய்யப்பட்டன. 1815இல் நியூ ஓர்லியன்சில் நிகழ்ந்த போரிற் கென்ரக்கி வேட்டுவர் ஆற்றிய பங்கைப் புகழ்ந்த ஒரு பாடல் 1820களில் நாடெங்கும் பரவியதனால், பென்சில்வேனியக் கம்மியரின் ஆக்கம் கென்ரக்கியின் பெயரைப் பெறலாயிற்று.

அக்காலத்துப் பட்டறையிற் குழல் ஆக்குவதே கடினமான வேலையாகும். நீண்ட இரும்புப் பட்டையை உலையிற் காய்ச்சி, இருப்புக் கோலொன்றைச் சுற்றி மடித்து, சிறிது சிறிதாக அடித்து ஒட்டுவர். பின்னர் உட்புறத்தைக் குடைந்து நேராக்குவர். றைபிளாயின் உட்சுவரிற் சுருள்வரிகளையும் வெட்டுவர். தொழில் பயிலும் சிறுவன் ஒப்பந்தத்தினாற் கட்டுண்டு, ஆண்டுக்கணக்காக ஆசானின் வீட்டில் வாழ்ந்து, துருத்தி இயக்குதல் முதற்கொண்டு படிப்படியாகக் கற்றான். மரக்கட்டையிற் குழலைப் பதித்து அணிசெய்தல் அப்பயிற்சியின் பிற்பகுதிக்கு உரியது.

எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. இக்கம்மியருள் யாவரும் எல்லா உறுப்புகளையும் தாமே ஆக்கினரல்லர். தீமூட்டும் விசைப்பொறியை இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்து பொருத்தியோர் பலராவர். ஆகவே பிறர் ஆக்கிய உறுப்பை வாங்கித் தம் கட்டையிற் பொருத்துவது இருபதாம் நூற்றாண்டுத் தொகுதியுடன் தொடங்கிய வழக்கமன்று. பழைய கம்மியனுக்கும் பிற்கால இளைஞனுக்கும் உள்ள வேறுபாடு வேறோரிடத்திற் கிடக்கின்றது. வாங்கிய உறுப்பிற் குறை காணின், கம்மியன் அதனைக் கழித்துப் புதிதொன்றை ஆக்கவல்லவனாயிருந்தான்.

2. ஒத்த உறுப்பு எனும் கருத்து

ஆணி ஒன்று ஒரு துளைக்கே பொருந்தும், ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிற் சேராது என்பதே பழைய பட்டறையின் பொதுநிலை. இந்நிலை மாறாதிருப்பின் உறுப்புத் தொகுதி எனும் பண்டமே தோன்றியிராது. அம்மாற்றத்தின் வரலாற்றிற் கைத்துப்பாக்கிக்குச் சிறப்பிடம் உண்டு.

பிரான்சில் ஒனோரே பிளாங் என்பார் ஒன்றற்கொன்று மாற்றத்தக்க உறுப்புகளைக் கொண்ட விசைப்பொறிகளை ஆக்க முயன்றதைத் தோமஸ் ஜெபர்சன் 1785இல் நேரிற் கண்டு தம் நாட்டிற்கு அறிவித்தார். 1798இல் ஈலை விற்னி 10,000 துப்பாக்கிகளை இரண்டு ஆண்டுகளில் வழங்க அரசுடன் ஒப்பந்தஞ் செய்தார். அவ்வேலை முடிவுற 1809 வரை சென்றது. ஒத்த உறுப்பின் தந்தை என அவர் நெடுங்காலம் போற்றப்பட்டார். ஆயின் எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளை ஆராய்ந்தோர், அவற்றின் உறுப்புகள் ஒன்றற்கொன்று மாற்றத்தக்கனவாக இல்லை எனக் காட்டியுள்ளனர்.

கொனெற்றிக்கற் மாநிலத்தைச் சேர்ந்த சிமியோன் நோர்த் 1813இற் செய்துகொண்ட ஒப்பந்தம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 20,000 கைத்துப்பாக்கிகளை ஆக்கும் அவ்வொப்பந்தத்தில், ஒன்றின் எவ்வுறுப்பும் ஏனைய எதனிலும் பொருந்துதல் வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. எழுத்திலிருந்த இவ்விதியைப் பெரிதும் நடைமுறையாக்கியவர் ஹாப்பர்ஸ் பெரி ஆயுதச்சாலையிற் பணியாற்றிய ஜோன் ஹோல் ஆவார். 1820களில் அளவுமானிகளையும் வெட்டும் பொறிகளையும் கொண்டு அவர் ஆக்கிய றைபிள்களின் உறுப்புகள் உண்மையாகவே ஒன்றற்கொன்று மாற்றத்தக்கனவாயிருந்தன.

இம்மாற்றத்தைக் கம்மியர் மனமுவந்து ஏற்றனரல்லர். ஹாப்பர்ஸ் பெரியிற் புதிய ஒழுங்குகளை இறுக்கமாக நடைமுறைப்படுத்திய மேலாளர் தோமஸ் டன் என்பாரை, வேலையிழந்த கம்மியன் ஒருவன் 1830இற் சுட்டுக்கொன்றான். தன் கண்ணும் கையும் அளந்ததை இனி இரும்பு அளவுமானியே அளக்கும் என்ற நிலை, தொழிலாளனின் பெருமையையும் பேரம்பேசும் ஆற்றலையும் ஒருங்கே பறித்தது. இந்த இழப்பின்மீதே கடிகாரம், தையற்பொறி, துவிச்சக்கரவண்டி ஆகியவற்றின் ஆலைத்தொழில் பின்னர் எழுந்தது. உறுப்புத் தொகுதியும் அவ்வழித் தோன்றலே.

3. மறுமலர்ச்சியும் வாணிகமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலோகத் தோட்டாவும், பின்னர்ப் புகையற்ற மருந்தும் வழக்கிற்கு வந்தமையால், வாய்வழி மருந்திடும் துப்பாக்கி பொதுப்பயன்பாட்டினின்றும் விலகியது. மலைப்புறங்களில் மட்டும் சிலர் அதனைக் கைவிடாதிருந்தனர். 1933இல் தேசிய வாய்வழி மருந்திடு றைபிள் சங்கம் நிறுவப்பட்டு, இந்தியானா மாநிலத்துப் பிரெண்ட்ஷிப் எனும் சிற்றூர் அதன் மையமாயிற்று. 1954இல் ரேணர் கேர்க்லண்ட் என்பார் ரென்னசி மாநிலத்து யூனியன் சிற்றியில் டிக்சி கன் வேர்க்ஸ் எனும் நிறுவனத்தைத் தொடக்கிப் பழைய துப்பாக்கிகளையும் அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளையும் தபால் மூலம் விற்கலானார்.

உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்டது. அதனையொட்டிப் போர்க்காலத் துப்பாக்கிகளின் நகல்களுக்கு வேட்கை மிகுந்தது. வால் போர்ஜெற் என்பாரின் நேவி ஆர்ம்ஸ் நிறுவனம் 1851ஆம் ஆண்டு மாதிரிக் கொல்ற் சுழல்துப்பாக்கியின் நகல்களை இத்தாலியில் ஆக்குவித்தது. அவை உருவான கார்டோனே வால் ட்ரொம்பியா பள்ளத்தாக்கு துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பெரெற்றா குடும்பம் 1526இலேயே வெனிஸ் நகர ஆயுதச்சாலைக்கு 185 குழல்களை வழங்கியது. 1971இல் தோன்றிய கொனெற்றிக்கற் வலி ஆர்ம்ஸ் நிறுவனம் ஸ்பானியாவிலிருந்து தன் பண்டங்களைப் பெற்றது. அமெரிக்க முன்னோரின் கைத்திறன் என எண்ணி அமெரிக்க இளைஞர் பொருத்திய உறுப்புகளுட் பல இவ்வாறு இத்தாலியத் தொழிலாளராலும் ஸ்பானியத் தொழிலாளராலும் வார்க்கப்பட்டவை.

சட்டமும் இவ்வாணிகத்திற்கு வழி திறந்தது. 1963இல் அதிபர் கெனடி தபால்வழி வாங்கப்பட்ட துப்பாக்கியினாற் கொல்லப்பட்டார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேர்ட் கெனடியும் சுட்டுக்கொல்லப்பட்டதன்பின், அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜோன்சன் ஒப்பமிட்டார். மாநிலங்களுக்கிடையே தபால் மூலம் துப்பாக்கிகளைத் தனியார்க்கு விற்பதை அது தடுத்தது. ஆனால் 1898இலோ அதற்கு முன்னோ ஆக்கப்பட்டவற்றையும், வழக்கமான தோட்டாவைப் பயன்படுத்தாத அவற்றின் நகல்களையும் ‘பழம்பொருள்’ என வகுத்து அத்தடையினின்றும் விலக்கியது. மாநிலச் சட்டங்கள் ஒரே தன்மையன அல்லவெனினும், கூட்டாட்சிச் சட்டத்தின்படி உறுப்புத் தொகுதி தபாற்பெட்டியில் வீடுதேடி வரலாயிற்று. 1976இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு விழா இவ்வேட்கையை மேலும் வளர்த்தது.

இதே காலத்திற் கைத்தொழிலறிவின்மீது ஒரு புதிய மதிப்பும் பிறந்தது. காலனித்துவக் காலத்து வில்லியம்ஸ்பேர்க் நகரத்தை மீட்டமைத்த நிறுவனம், உவாலஸ் கஸ்லர் எனும் கம்மியர் ஒரு றைபிளை முழுமையாக ஆக்குவதை 1969இல் திரைப்படமாக வெளியிட்டது. ஜோர்ஜியா மாநிலத்து ராபுன் கப் பகுதியில் உயர்தரப் பாடசாலை மாணவர் 1966இல் தொடக்கிய ‘பொக்ஸ்பயர்’ சஞ்சிகை, மலைவாழ் முதியோரிடம் வாய்மொழியாகத் திரட்டிய தொழிலறிவைப் பதிவுசெய்தது. அச்சஞ்சிகையிலிருந்து வளர்ந்த நூல்வரிசையின் ஐந்தாவது நூல், இரும்பு ஆக்கத்தையும் சிக்கிமுக்கிக் கல் றைபிள் ஆக்கத்தையும் பொருளாகக் கொண்டு 1979இல் வெளிவந்தது. உறுப்புத் தொகுதி ஆக்கத்தையும் இச்சூழலில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

4. கை கற்கும் பாடம்

தொகுதிப் பெட்டியைத் திறந்தால், ஏறத்தாழ உருப்பெற்ற மரக்கட்டை, முடிந்த குழல், முழுமையாக்கப்பட்ட விசைப்பொறி, வார்ப்புப் பிசிறுகளுடன் கூடிய பித்தளை உறுப்புகள், மருந்து இடிக்கும் கோல், ஆணிகள் ஆகியன காணப்படும். வெடிமருந்து அதில் இராது. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லே இங்கு முதன்மையானது. கட்டையிலுள்ள பள்ளம் குழலுக்குச் சற்றுச் சிறியது; விசைப்பொறி அமரும் குழியில் மரம் சிறிது மிகுந்திருக்கும்.

இம்மிகுதியை நீக்குதலிலேயே இளைஞனின் பயிற்சி அடங்குகின்றது. உலோக உறுப்பின்மீது விளக்குக்கரியைப் பூசிக் குழியில் வைத்து எடுப்பின், எவ்விடத்தில் மரம் தட்டுகின்றதோ அவ்விடத்திற் கரி ஒட்டும். அதனை மட்டும் உளியால் மெல்லியதாகச் சீவி, மீண்டும் வைத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தபின்னரே மரமும் இரும்பும் இடைவெளியின்றி இணையும். அவசரத்தில் ஒருமுறை மிகுதியாக வெட்டினும் இடைவெளி என்றும் மறையாது. பித்தளையின் பிசிறை அரத்தினால் அராவி மெருகிடுதலும், கட்டையை அரத்தாளினால் தேய்த்து ஆளிவிதை எண்ணெயைப் படலம் படலமாக ஊட்டுதலும், குழலில் மெல்லிய துருவை வேண்டுமென்றே படரவிட்டுத் தேய்த்துப் பழுப்பு நிறம் ஏற்றுதலும் அடுத்த வேலைகளாகும். இவை யாவும் நாட்களையும் வாரங்களையும் வேண்டுவன.

ஈண்டு ஒரு முரண் புலப்படுகின்றது. உறுப்புகள் ஒத்தனவாக ஆக்கப்பட்டதனாலேயே தொகுதி விற்பனைப் பண்டமாயிற்று. ஆயின் அவை முற்றும் பொருந்தியிருப்பின், ஆணிகளை முறுக்குவதன்றி இளைஞனுக்கு வேலை ஏதும் இராது. 1813இன் ஒப்பந்தம் எவ்விடைவெளியை அகற்ற முயன்றதோ, அவ்விடைவெளியையே தொகுதி திட்டமிட்டு எஞ்சவிட்டது. கம்மியனின் கண்ணளவையும் பொறுமையையும் இளைஞன் ஓரளவாயினும் உணர்ந்தது அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே. இவ்வகையில் தொகுதி பயனுள்ள ஓர் ஆசான் என்பதை நாம் மறுக்கவில்லை.

5. பெட்டிக்குள் அடங்காதவை

எனினும் அது முழுமையான ஆசானன்று. குழல் ஆலையில் ஆக்கப்பட்டு, கார்டோனேயிலோ ஸ்பானியாவின் ஏய்பாரிலோ உள்ள அரச அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையில் மிகை மருந்திட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்று வருகின்றது. இது பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. ஆனால் பழைய பட்டறையில் உயிராபத்தும் உயர்திறனும் ஒருங்கே நின்ற வேலை இளைஞனின் அனுபவத்தினின்றும் அகன்றுவிடுகின்றது.

வெடிமருந்தின் வரலாறும் அவ்வாறே மறைகின்றது. 1802இல் டெலவெயர் மாநிலத்துப் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூப்பொன்ற் நிறுவிய மருந்தாலைகளில், 1921இல் அவை மூடப்படும் வரை நிகழ்ந்த வெடிவிபத்துகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மருந்துக்கு வேண்டிய வெடியுப்பிற் பெரும்பகுதி வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில், லாமொற் டூப்பொன்ற் இலண்டனுக்குச் சென்று வாங்கிய இந்திய வெடியுப்பைப் பிரித்தானிய அரசு சிறிதுகாலம் தடுத்து வைத்தமை, இவ்வணிகம் அரசியலில் எத்துணை வலிமை பெற்றிருந்தது என்பதைக் காட்டும்.

இறக்குமதி தடைப்பட்ட 1812ஆம் ஆண்டுப் போர்க்காலத்திற் கென்ரக்கியிலுள்ள மாமத் குகையின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டது. அக்குகையில் உழைத்தோர் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க இனத்தவர். குகைமண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கும் தொழிலை நமது நாடும் அறியும். 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த ஜோன் டேவி எனும் படைமருத்துவர், 1821இல் வெளியிட்ட நூலிற் கண்டிப் பகுதியின் வெடியுப்புக் குகைகளை விரித்துரைத்துள்ளார். ஆகவே ‘கென்ரக்கி’ எனும் பெயரை இளைஞன் தன் துப்பாக்கியின் பெருமையாகக் கொண்டபோது, அதே மாநிலத்துக் குகையில் விலங்கிடப்பட்ட வாழ்வினர் எடுத்த வெடியுப்பை அப்பெயர் அவனுக்கு நினைவூட்டவில்லை.

மூன்றாவதாக, துப்பாக்கி எதற்குப் பயன்பட்டது என்ற வினா உண்டு. தொகுதியாக விற்கப்பட்ட மற்றொரு மாதிரி ‘பிலடெல்பியா டெரிஞ்சர்’ ஆகும். உள்ளங்கையில் மறையத்தக்க இச்சிறு துப்பாக்கியின் மூல ஆக்கியோர் பிலடெல்பியாவில் வாழ்ந்த ஹென்றி டெரிஞ்சர் (1786-1868). தம் நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்ட ஆதிக்குடியினர்க்கு அரசு வழங்கிய றைபிள்களையும் அவர் ஒப்பந்த அடிப்படையில் ஆக்கினார். 1865 ஏப்பிரல் 14ஆந் திகதி ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது அவருடைய கைத்துப்பாக்கி ஒன்றினாலேயே. அது இன்று உவாஷிங்டனில், அக்கொலை நிகழ்ந்த போர்ட் அரங்கிலுள்ள காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. அவருடைய வாழ்நாளிலேயே போலி நகல்கள் மலிந்தமையால், சான் பிரான்சிஸ்கோ வணிகர் ஒருவருக்கு எதிராக வழக்குத் தொடுத்து, கலிபோர்னிய உயர்நீதிமன்றில் 1865இல் வெற்றிபெற்றார். நகல் செய்தல் அத்துப்பாக்கியின் வரலாற்றிலேயே தொடக்கமுதல் ஊன்றியிருந்தது எனலாம்.

பித்தளைக் காப்பை மெருகிட்ட இளைஞனுக்கு இவற்றையெல்லாம் கூறும் கடப்பாடு விற்பனையாளருக்கு இல்லை. அக்கடப்பாடு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியது. அவர்கள் அதனை நிறைவேற்றாதவிடத்து, கைத்திறன் கற்பிக்கப்பட்ட அதே வேளையில் வரலாறு ஒரு வீரக்கதையாகச் சுருங்கிவிட்டது.

6. முடிவுரை

துப்பாக்கியை இளைஞர் கையிற் கல்விப்பொருளாகக் காண்பது, 1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாட்டினராகிய எமக்கு எளிதன்று. எமது மண்ணில் ஆயுதம் பழம்பொருளாவதற்கு வேண்டிய காலம் இன்னும் கழியவில்லை. ஒரு பொருள் பழைமையடைந்ததனாலேயே அது தீங்கற்றதாகிவிடுகின்றது என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்ணத்தையும் நாம் தயக்கத்துடனேயே நோக்குகின்றோம். சட்டம் அவ்வாறு வகுக்கலாம்; வரலாற்று மாணவன் அவ்வாறு வகுத்தல் இயலாது.

ஆயினும் இம்முயற்சியில் நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கண்டியரசின் கம்மியர் அணிவேலைப்பாடு மிக்க பீரங்கியை ஆக்குமளவு திறன் பெற்றிருந்தனர். 1765இல் ஒல்லாந்தர் கைப்பற்றிச் சென்ற லெவ்கே பீரங்கி, ஏறத்தாழ 260 ஆண்டுகளின் பின் 2023இல் நாடு திரும்பிக் கொழும்புத் தேசிய நூதனசாலையை அடைந்தது. பொருள் மீண்டது மகிழ்ச்சிக்குரியது. அதனை ஆக்கிய கைகளின் அறிவு அவ்வாறு மீளவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தோணி கட்டுவோர், செக்குச் செய்வோர், தறி அமைப்போர், இசைக்கருவி ஆக்குவோர் ஆகியோரிடம் உள்ள அறிவும் முதியோர் மறைய மறைய மறைந்துகொண்டிருக்கின்றது.

எமது இளைஞர் பொருத்திப் பழகுவதற்கு ஓர் உறுப்புத் தொகுதி வேண்டுமாயின், அது ஓர் இராட்டையாகவோ சிறு தோணியாகவோ அமையட்டும். முதியவர் ஒருவர் அருகில் அமர்ந்து வழிகாட்டட்டும். உறுப்புகளும் முற்றும் பொருந்தாதனவாகவே இருக்கட்டும். அதனோடு, அப்பொருளை யார் ஆக்கினர், எவருடைய உழைப்பில் அதன் மூலப்பொருள் வந்தது, அது எவர்க்குப் பயன்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் எழுதி இணைத்தல் வேண்டும். அமெரிக்க இளைஞருக்குக் கிடைத்த பெட்டியில் உளி பிடிக்கும் கைக்கு வேலை இருந்தது. இம்மூன்று வினாக்களும் இருக்கவில்லை. அவற்றைச் சேர்க்கும் பணி பல்கலைக்கழக மாணவராகிய எம்மைச் சார்ந்ததாகும்.